பரிணாமக் கொள்கையும் உழைப்பாளர் அவையும்

ஒரு கொள்கையின் வரலாற்றை எழுதப் புகுவார் அதனைக் கண்டவரையும் மறுத்தவரையும் கூறி அமைவதே பெருவழக்கு. அதனைக் கேட்டவர் யாவர், அவர்க்கு எது சொல்லப்பட்டது, எது சொல்லப்படாது விடப்பட்டது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. உயிரினங்களின் தோற்றம் பற்றிச் சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வெளியிட்ட நூலுக்கும் இதுவே நேர்ந்தது. அந்நூல் எழுப்பிய பூசலைக் கூறுவார் பலரும் 1860ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் ஆயர் வில்பர்போர்சுக்கும் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லிக்கும் நிகழ்ந்த சொற்போரையே விரித்துரைப்பர். அப்போரில் இருவரும் மொழிந்தனவாக இன்று வழங்கும் சொற்களுக்குச் சொல்லுக்குச் சொல் அன்றே எழுதப்பெற்ற படி இல்லை. பின்னர்ப் பலர் தத்தம் நினைவிலிருந்து எழுதி வைத்தனவே மிகுதி. ஆயின் அதன்பின் இரண்டரை ஆண்டளவில், 1862ஆம் ஆண்டின் இறுதியில், அதே ஹக்ஸ்லி இலண்டன் மாநகரத்து ஜெர்மின் தெருவில் கைத்தொழிலாளர் அவையின் முன் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் சுருக்கெழுத்தில் எடுக்கப்பெற்று, அச்சேறி, நம் கைக்கு வந்துள்ளன. சான்று குறைந்த நிகழ்ச்சி நிலைபெற, சான்று நிறைந்த நிகழ்ச்சி மறக்கப்பட்டமை வியப்பிற்குரியது. அவ்வாறு பொழிவுகளையும் ஆராய்ந்து, தமிழில் அறிவியல் உரைக்க முற்படுவார்க்கு அவற்றால் பெறப்படுவது யாதெனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மின் தெருவில் 1851ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நிலவியற் பொருட்காட்சிச் சாலையும் அதனோடு இணைந்த அரசினர் சுரங்கப் பள்ளியும் இருந்தன. அப்பள்ளிப் பேராசிரியர்கள் தம் வகுப்புகளோடு அமையாது, பகலெல்லாம் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் உழைப்போர்க்கு மாலை வேளைகளில் சொற்பொழிவு ஆற்றி வந்தனர். கட்டணம் மிகச் சிறிது. அனுமதிச் சீட்டோ உழைப்பாளர்க்கே உரியது. ஹக்ஸ்லி 1854ஆம் ஆண்டு அப்பள்ளியில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே இவ்வவையின் முன் நின்றார். பொழுதுபோக்காகக் கலை பயிலும் நடுத்தர வகுப்பாரிடத்துத் தமக்குச் சலிப்பு மிகுந்ததென்றும், நாள்தோறும் பொருள்களோடு பொருதி வாழும் வன்கை மாந்தரிடம் என் செய்ய இயலும் எனக் காண விழைவதாகவும் அவர் அக்காலத்தே நண்பர் ஒருவர்க்கு எழுதினார். இதனை வெறும் பரிவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஹக்ஸ்லி தாமே முறையாகப் பள்ளியிற் பயின்றது ஏறத்தாழ ஈராண்டே. இளமையில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயில்பவராக இலண்டனின் வறியோர் சேரிகளைக் கண்டவர் அவர். அவ்வவையோர் பசி எத்தகையது என்பதை அவர் தாமே அறிந்திருந்தார்.

1861ஆம் ஆண்டில் அவர் மனிதனுக்கும் ஏனை விலங்குகளுக்கும் உள்ள உறவு பற்றி அவ்வவையில் உரை நிகழ்த்தினார். அரங்கு முன்னினும் நிரம்பியிருந்ததெனத் தம் மனைவிக்கு எழுதிய மடலில் மகிழ்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்தோர் அனைவரும் தாம் குரங்குகளே என நம்பிவிடுவர் என்று நகையும் ஆடினார். அந்நகை, மடலோடு நின்றது. அவர் மேடையில் உரைத்தது அவ்வாறு அமையவில்லை என்பது மேலே விளங்கும். மனிதன் பற்றிய அவ்வாராய்ச்சியே 1863ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூலுக்கு ஒரு பகுதியாயிற்று. அறிஞர்க்கென எழுதி அதனைச் சுருக்கிப் பாமரர்க்கு வழங்குவதே முறை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இங்கோ வரிசை தலைகீழாக உள்ளது. உழைப்பாளர் முன்னர்க் கேட்டனர். அறிஞர் பின்னர்ப் படித்தனர்.

இவ்வரிசை மாற்றம் ஹக்ஸ்லியோடு ஒழிவதன்று. இயற்கைத் தேர்வுக் கொள்கையைத் தனியே கண்டு, 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லின்னேயக் கழகத்தில் டார்வின் எழுத்துகளோடு தம் கட்டுரையும் படிக்கப்பெறும் பேறு பெற்ற ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 14 வயதளவில் பள்ளியை விட்டவர். நிலம் அளக்கும் தொழிலராக வளர்ந்தவர். அவர் கற்றதும் கற்பித்ததும் வேல்ஸ் நாட்டு நீத் என்னும் ஊரின் கைவினைஞர் கழகம் போன்ற இடங்களில் ஆகும். அக்கழகத்திற்குக் கட்டடம் வகுத்தவரும் அவரும் அவர் தமையனாருமே. லெஸ்டர் நகர நூலகத்தில் அவரோடு நட்புப் பூண்ட ஹென்றி வால்டர் பேட்ஸ், காலுறை வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றுகொண்டே கைவினைஞர் கழகத்து இரவு வகுப்புகளுக்குச் சென்றவர். இவ்விருவரும் 1848ஆம் ஆண்டு அமேசான் ஆற்றுப் பகுதிக்கு உயிரினம் திரட்டக் கப்பலேறினர். முதியோர் கல்விக் கழகங்கள் இக்கொள்கையைப் பரப்பும் வாய்க்கால்களாக மட்டும் இருந்தன எனல் குறையுரை. கொள்கை ஊறிய ஊற்றுகளுள் ஒன்றாகவும் அவை இருந்தன. இங்கிலாந்தில் எல்லார்க்கும் தொடக்கக் கல்வி என்னும் சட்டமோ 1870ஆம் ஆண்டில்தான் பிறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். 1862ஆம் ஆண்டுப் பொழிவுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர் ஜே. ஆல்டஸ் மேஸ் என்பார். கேட்டோர்க்குப் பயன்படுமாறு அவற்றை அச்சிட இசைவு வேண்டினார், ஹக்ஸ்லியும் இசைந்தார். ஆயின் அவற்றைத் திருத்தத் தமக்கு ஓய்வில்லை என்பதை முன்னுரைக்குமாறு ஒரு கட்டளை இட்டார். ராபர்ட் ஹார்ட்விக் என்னும் பதிப்பாளர் அவற்றைப் பச்சை நிற மேலட்டையிட்ட சிறு வெளியீடுகளாக ஒவ்வொன்றாய் வெளியிட்டார். தாள் மீதிருந்த வரி 1861ஆம் ஆண்டில் நீக்கப்பட்டமை இத்தகைய மலிவு வெளியீடுகளுக்குத் துணையாயிற்று. பேசியவர் வாய்க்கும் படிப்பவர் கண்ணுக்கும் இடையே மற்றொருவர் கை நிற்கின்றது. வாய்மொழியாய் வழங்கிப் பின்னர் ஏடேறிய உரைகளைப் பயின்ற நமக்கு இந்நிலை புதிதன்று. இப்பாடத்தில் பேச்சின் தளர்வும் கூறியது கூறலும் உள. அவையே இதன் நம்பகத்தன்மைக்குச் சான்று என்பது எம் கருத்து. எழுத்தில் தேர்ந்த ஹக்ஸ்லி அமர்ந்து திருத்தியிருப்பின் அவற்றுட் பலவற்றைக் களைந்திருப்பார்.

ஆறு பொழிவுகளும் ஒரு நெறிப்பட்டன. முதலது உயிருலகின் இன்றைய நிலையைக் குதிரையின் உடலமைப்பைக் கொண்டு விளக்குவது. இரண்டாவது பாறைகளிற் பதிந்த பழைய உயிர்களைக் கூறுவது. இவற்றைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டுவதில்லை. கொள்கையை எடுத்துரைக்குமுன் மூன்றாம் பொழிவு முழுதையும் ஹக்ஸ்லி வேறொன்றுக்குச் செலவிட்டதே நம் கருத்தை ஈர்ப்பது. அறிவியலார் ஒன்றனை எவ்வாறு அறிகின்றனர் என்பதே அப்பொழிவின் பொருள்.

அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் அங்காடியிலும் இல்லத்திலும் எடுத்தவை. ஒருவன் பழக்கடைக்குச் சென்று ஆப்பிள் ஒன்றைக் கடிக்கின்றான். அது பச்சையாகவும் வன்மையாகவும் இருக்கின்றது, புளிக்கின்றது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதைக் கடைக்காரன் நீட்டும்போது, கண்டும் தொட்டும் பார்த்த அளவில், கடியாமலே வேண்டா என்கின்றான். இச்சிறு செயலில் பல கண்டு பொதுவிதி காண்டலும், அவ்விதி கொண்டு புதியதொன்றைத் துணிதலும் அடங்கியுள்ளன என்று ஹக்ஸ்லி காட்டுகின்றார். மோலியரின் நாடகத்தில் தான் வாழ்நாளெல்லாம் உரைநடை பேசி வந்ததை அறிந்து மகிழும் ஒருவனைப் போல, நீவிரும் நாள்தோறும் அறிவியல் முறையையே கையாண்டு வருகின்றீர் என்பது அவர் கூற்றின் சாரம். பின்னர் மற்றொன்று. காலையில் எழுந்து பார்க்கும்போது தேநீர்க் குடுவையும் கரண்டிகளும் காணவில்லை, சாளரம் திறந்துள்ளது, சட்டத்தில் அழுக்குக் கையின் தடம், வெளியே பருக்கைக்கல் தரையில் ஆணி தைத்த மிதியடித் தடம். கள்வன் வந்தான் எனத் துணிகின்றோம். அருகிருக்கும் நண்பர் ஒருவர், நீர் எதனையும் நேரிற் கண்டீரல்லீர், இரவில் இயற்கை விதிகள் சற்று நின்றிருக்கலாம் அன்றோ எனத் தடுக்கின்றார். அவர் சொற்கேட்டு அமர்ந்திருப்பின் கள்வன் நெடுந்தொலை சென்றுவிடுவான். இவ்விடத்தில் அவையில் நகையொலி எழுந்திருக்கும் என எண்ணுகின்றோம். பாடத்தில் அது குறிக்கப்படவில்லை.

மணிமேகலையில் அளவைகளைக் கூறும் காதைகளைப் பயின்றோர்க்குப் புகைகண்டு நெருப்புத் துணியும் கருதலளவை ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டற்கும் வேற்றுமையும் உண்டு. அங்கு அளவை, வாதத்தில் பிழையற்ற வடிவைக் கற்பிப்பது. இங்கு, துணிபு எவ்வளவு உறுதி உடையது, மேலும் எச்சான்று கிடைப்பின் அவ்வுறுதி மிகும் என்பதனைக் கற்பிப்பது.

நான்காம் பொழிவு வழிவழிப் பேறும் வேறுபாடும் பற்றியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேத் ரைட் என்னும் உழவரிடத்து 1791ஆம் ஆண்டில் குட்டைக் காலும் நீண்ட உடலும் உடைய ஆட்டுக்கடா ஒன்று பிறந்தது. வேலி தாண்டாத மந்தையை விரும்பி அக்கடாவைக் கொண்டு இனம் பெருக்கினர். பின்னர் மெரினோ ஆடு வரவே அவ்வினம் கைவிடப்பட்டு மறைந்தது. இதனை ஹக்ஸ்லி விரிவாகக் கூறுகின்றார். அடுத்துப் புறாக்களைக் கூறுகின்றார். விசிறிபோல் வால் விரிக்கும் புறாவும், தொண்டைப்பையை ஊதும் புறாவும், நாம் கர்ணப்புறா என வழங்கும் வானிற் குட்டிக்கரணம் இடும் புறாவும் மாடப்புறா ஒன்றன் வழியினவே என்பது டார்வின் நூலின் முதல் இயலிலேயே நிறுவப்பெற்றது. புறா வளர்ப்பு அந்நாளில் இலண்டன் நெசவாளரும் கைவினைஞரும் பெரிதும் ஈடுபட்ட கலை. டார்வினும் அன்னார் கூடிய புறாச் சங்கங்களிற் சேர்ந்து, வளர்ப்போரிடம் கேட்டுக் குறிப்பெடுத்தவர். ஆகவே ஜெர்மின் தெரு அரங்கில் அமர்ந்திருந்தோருள் சிலரேனும், பேசுபவரினும் இப்பொருளை மிக அறிந்தவராய் இருந்திருத்தல் கூடும். அவர்கள் அறிந்ததனையே கொண்டு அவர்கள் அறியாததற்கு அழைத்துச் செல்லுதல் ஹக்ஸ்லியின் முறை.

ஆறாம் பொழிவே இக்கட்டுரைக்கு உயிர்நாடி. டார்வின் நூலை ஆய்ந்து மதிப்பிடும் அப்பொழிவில், கொள்கைக்குப் பரிந்து வாதிடுவதில் தலைநின்ற ஹக்ஸ்லி, அதன் குறையைத் தாமே எடுத்து உழைப்பாளர் முன் வைக்கின்றார். குதிரையும் கழுதையும் கூடினால் பிறக்கும் கோவேறு கழுதைக்கு மகப்பேறு இல்லை. வேறு வேறான இயற்கை இனங்களுக்கிடையே இத்தகைய தடை காணப்படுகின்றது. ஆயின் மனிதன் தேர்ந்து வளர்த்த புறா வகைகள் உருவத்தில் எத்துணை வேறுபடினும், ஒன்றோடொன்று கூடி வளமான வழித்தோன்றலையே ஈனுகின்றன. எனவே ஒரே குடியிலிருந்து தேர்வினால் மட்டும் இத்தடையை உண்டாக்கிக் காட்டுதல் இன்னும் இயலவில்லை; அது இயலும் வரை கொள்கை முற்றும் நிறுவப்பட்டதாகாது; கருதுகோள் என்ற நிலையில், உள்ளனவற்றுள் சிறந்தது என ஏற்கத்தக்கது. இதுவே அவர் கூறியதன் கருத்து. அக்குறை நீங்கும் என்ற நம்பிக்கை அவர்க்கு உண்டு. எனினும் நீங்கிவிட்டதாகக் கூறினாரல்லர். இக்குறையை அவர் ஓயாது வலியுறுத்தியது டார்வினுக்கே சற்று வருத்தம் தந்தது. இருவரும் இதுபற்றி மடல்கள் வாயிலாக வாதிட்டனர். எதிர்ப்போர் குறை தேடித் திரிந்த காலத்தில், எழுத்தறிவு குறைந்தோரும் அமர்ந்திருந்த அவையில் இதனைக் கூறத் துணிவு வேண்டும். எளியோர்க்கு ஐயம் ஆகாது, முடிந்த முடிபே தகும் என்று கருதும் ஆசிரியர் இதனை ஒருபோதும் செய்யார்.

பிற்காலம் அக்குறைக்கு விடை தந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். ஹக்ஸ்லி பேசிய அதே ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசின் புரூன் நகரத்து மடம் ஒன்றில் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கலந்து எண்ணிக்கொண்டிருந்தார். 1866ஆம் ஆண்டு அச்சான அவர் கட்டுரை 1900ஆம் ஆண்டு வரை பெரும்பாலும் கவனிக்கப்படாது கிடந்தது. அதன் பின்னரே வழிவழிப் பேற்றின் இயல்பு தெளிவுற்றது. 1920களின் இறுதியில் உருசிய அறிஞர் கார்ப்பெச்சென்கோ முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்து, தம்முள் வளமுடையதாயும் இருபெற்றோர் இனத்தோடும் எளிதிற் கூடாததாயும் உள்ள புதுச்செடி ஒன்றைப் பெற்றார். இது ஹக்ஸ்லி கேட்ட விடையன்று. அவர் கேட்டது ஒரு குடியைத் தேர்வினாற் பிரித்தல்; இது இருகுடியின் கலப்பினாலும் குரோமோசோம் தொகுதி இரட்டித்தலாலும் நேர்ந்தது. எனினும் இனங்களுக்கிடையே உள்ள தடை, மனிதன் கண்முன்னரே தோன்றக்கூடியது என்பதனை அது காட்டிற்று. தேர்வினாலேயே அத்தடை தொடங்குவதனைப் பழ ஈக்களிடத்தில் காட்டிய சோதனைகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்தன. ஆறாம் பொழிவைக் கேட்டிருந்த ஒருவர் இச்செய்திகளை அறியும் பேறு பெற்றிருப்பின், தாம் நம்பியது பொய்த்தது என வருந்தியிரார். கேட்ட வினாவிற்கு விடை வருகின்றது என்றே மகிழ்ந்திருப்பார்.

இப்பொழிவுகளின் நான்காம் ஐந்தாம் பகுதிகளைப் படித்த டார்வின், அனைத்தும் இச்சிறு பச்சை நூலில் அடங்கியிருக்கத் தாம் பெருநூல் எழுதிப் பயன் என்ன என்று ஹக்ஸ்லிக்கு விளையாட்டாக எழுதினார். விளையாட்டெனினும் அதன்கண் ஓர் உண்மை உண்டு. அவர் நூலின் விலை 15 சில்லிங். உழைப்பாளர் தனித்து வாங்கும் தரத்ததன்று. லங்காஷயர் தொழிலாளர் பலர் ஒன்றுகூடிப் பொருள் சேர்த்து அதனை வாங்குவதாக டார்வின் பின்னர்க் கேள்வியுற்றார். அச்செய்தியை எடுத்துக்காட்டிப் பதிப்பாளரிடம் மலிவுப் பதிப்பு வேண்டினார். 1872ஆம் ஆண்டில் ஆறாம் பதிப்பு, நெருங்கிய எழுத்தில், ஏழரைச் சில்லிங் விலையில் வெளிவந்தது. ஹக்ஸ்லியும் இத்தொண்டை நிறுத்தவில்லை. 1868ஆம் ஆண்டு நார்விச் நகரத் தொழிலாளர்க்கு, தச்சன் பையில் கிடக்கும் சுண்ணக்கட்டி ஒன்றையே பொருளாக்கி நிலவுலகின் தொன்மையை உரைத்தார்.

இவ்வரலாற்றால் தமிழ் பயில்வோர்க்கு ஆவது என் என்னும் வினா எழலாம். பரிணாமக் கொள்கை தமிழில் பேசப்படும்போது இருவகைத் தவறு நிகழக் காண்கின்றோம். ஒன்று, குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்னும் ஒற்றை வாக்கியமாக அதனைச் சுருக்குதல். மற்றொன்று, நம் துறையினரே செய்வது: தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்திருத்தலானும், திருவாசகத்துச் சிவபுராணம் பல பிறவிகளை அடுக்கிக் கூறுதலானும், இக்கொள்கை நம்மிடம் முன்னரே இருந்தது எனல். மரபியற் பகுப்பு நுண்ணிது. அதன் பெருமையை யாம் மறுக்கவில்லை. ஆயின் வகுத்தல் வேறு, வழிவரவு கூறல் வேறு. லின்னேயசும் 1735ஆம் ஆண்டு முதல் உயிர்களை வகுத்தார். இனங்கள் படைப்புக் காலம் தொட்டு மாறாதன என்றே முதலில் கொண்டிருந்தார். ஓரறிவுயிரின் வழித்தோன்றல் ஈரறிவுயிர் என மரபியல் யாண்டும் கூறிற்றில்லை. சிவபுராணம் கூறுவதோ ஓருயிரின் பிறவிப் பயணம். உடல்களின் மரபுத் தொடர்பன்று. இல்லாத புகழை ஏற்றுதல் அந்நூல்களுக்கு உள்ள புகழையும் குறைப்பதாகும். மேலும், முன்னரே அறிந்தோம் என்பவர்க்கு மூன்றாம் பொழிவும் ஆறாம் பொழிவும் தேவைப்படா. சான்றும் ஐயமும் அவரை அணுகா.

சொற்களும் நம்மை மயக்குகின்றன. பரிணாமம் என்பது சமய நூல்களில் பால் தயிராதல் போன்ற திரிபைக் குறித்து வழங்கிய சொல். அங்கு ஒரு பொருளே மற்றொன்றாகின்றது. டார்வின் கொள்கையில் எந்தத் தனி விலங்கும் வேறொன்றாவதில்லை. தலைமுறைதோறும் பிறப்பனவற்றுள் சில நிலைத்து, பல அழிந்து, கூட்டம் மாறுகின்றது. படிமலர்ச்சி என்னும் சொல் ஏணிப்படியை நினைப்பித்து, மேலோர் கீழோர் என்ற எண்ணத்தை உடன் கொணர்கின்றது. இலங்கைத் தமிழர் வழங்கும் கூர்ப்பு என்பது தொல்காப்பிய உரியியலில் ஆளப்பெற்ற பழஞ்சொல். ஆயின் ஆண்டு அது முன்பே உள்ளதொன்று மிகுதலைக் குறிக்குமேயன்றிப் புதியது தோன்றுதலைக் குறிக்காது. ஆங்கிலச் சொல்லும் இக்குற்றத்திற்கு விலக்கன்று. சுருளை விரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது அது. டார்வின் தம் நூலின் முதற் பதிப்பில் அப்பெயர்ச்சொல்லை ஆளாது, மாறுபட்டு வழிவருதல் என்னும் பொருள்படும் தொடரையே ஆண்டார். வினை வடிவாக மட்டும் அது நூலின் இறுதிச் சொல்லாய் நின்றது. வழக்கு வலியுடைமையால் யாமும் இக்கட்டுரையில் பரிணாமம் என்றே எழுதினோம். சொல்லை மாற்றுதலினும், சொல் எங்கே பொய்க்கின்றது எனக் கூறி ஆளுதல் எளிது.

ஆறாம் பொழிவின் இறுதிப் பகுதியை முதுகலை மாணவர் சிலரோடு அமர்ந்து தமிழாக்கிப் பார்த்தோம். கருதுகோள், கோட்பாடு, கொள்கை என்னும் மூன்றும் நம் வழக்கில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவதால், ஹக்ஸ்லி கருதுகோள் என்னும் பொருளில் கூறியதனை ஒரு மாணவர் கொள்கை என்றே பெயர்த்திருந்தார். வாக்கியம் ஓசை நயத்தோடு அமைந்தது, பிழையும் தோன்றவில்லை. மூலத்தோடு ஒப்பிட்டபோதுதான், ஹக்ஸ்லி தயங்கி நின்ற இடத்தில் எம் மொழிபெயர்ப்பு தயங்காது சென்றுவிட்டது புலனாயிற்று. அவ்வொரு சொல்லை மாற்றிய பின், அதற்கு முன்னுள்ள மூன்று பக்கங்களையும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.